கொசுறாக வந்த ஜன்னல்

வேண்டிய பொருளை விலை கொடுத்து வாங்குகிறவன் அசடு. மலிவாகக் கிடைத்ததை வாங்கிப் போட்டுவிட்டு, அப்புறம் அதற்கொரு தேவையைக் கண்டுபிடிக்கிறவன்தான் கெட்டிக்காரன். இது அனந்தராமனுடைய சித்தாந்தம். இதன் பயனாக, மயிலாப்பூர் சித்திரக்குளத்துக்கு அருகே ஒரு சந்தில் இருந்த அவர் வீட்டில், பியானோ இல்லாமலே பியானோ வாசிக்கிறவர் உட்காரும் சுழல் முக்காலி இருந்தது. லாயத்தில் சேணம் மாட்டுகிற பித்தளைக் கொக்கிகள் வரிசையாகச் சுவரில் இருந்தன. அவற்றில் அவருடைய அங்கவஸ்திரமும் குடையும் தொங்கின. எந்தத் துரையோ சாய்ந்து சுருட்டுப் பிடித்த நாற்காலியில் ஊறுகாய் ஜாடிகள் வீற்றிருந்தன.

அவர் மனைவி சுப்புலக்ஷ்மிக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: அடுக்களைக்கு ஒரு ஜன்னல்.

அந்த அடுக்களை அனந்தராமனின் தகப்பனார் கட்டியது. மிகுந்த ஆசாரம் உள்ளவர். சமைக்கிற சோற்றின்மேல் வெளி ஆள் கண் பட்டுவிடக் கூடாது என்று நாலு பக்கமும் சுவரை எழுப்பிவிட்டார். வெளி ஆள் கண் படவில்லை. உள்ளே இருந்தவள் கண்தான் பட்டுப்போயிற்று. சுப்புலக்ஷ்மியின் மாமியார் கடைசிக் காலத்தில் சுவரைத் தடவிக்கொண்டே நடந்து, சுவரைத் தடவிக்கொண்டே போய்ச் சேர்ந்தாள். அதன்பின் அடுப்பு சுப்புலக்ஷ்மியிடம் வந்தது. அனந்தராமன் விறகுத் தொட்டியில் ஈர விறகாகப் பார்த்து வாங்குவார். காய்ந்ததைவிட அது மலிவு. வீட்டுக்கு வந்தபின் தானே காய்ந்துவிடும் என்பது அவர் கணக்கு. அது காய்வதற்குள் சமையல் நேரம் வந்துவிடும் என்பது அவளுடைய அனுபவம்.

ஒருநாள் பருப்பில் கல் பொறுக்கும்போது கல்லும் பருப்பும் ஒன்றுபோலத் தெரிந்தன. அன்று சாதத்தில் கல் கடித்த பிறகுதான் அனந்தராமன் அவளைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போனார். டாக்டர் அவள் இமையைப் பிதுக்கிப் பார்த்தார். பிறகு அவளிடம் ஒன்றும் சொல்லாமல் அவரைப் பார்த்துச் சொன்னார்:

"மருந்து போட்டுண்டு பிரயோஜனமில்லை ஸார். அடுக்களைக்கு ஒரு ஜன்னல் வையும். இல்லேன்னா இன்னும் கொஞ்ச வருஷத்துல இவா சுவரைத் தடவ வேண்டியதுதான்."

மனைவியிடம் பிரியம் இல்லாதவர் என்று அனந்தராமனை யாரும் சொல்ல முடியாது. திரும்பும் வழியில் அவளுக்கு மல்லிகைப்பூ வாங்கிக் கொடுத்தார். பூக்காரி கடையைக் கட்டும் நேரம் வரும்வரை மாட வீதியில் காத்து நின்று, பாதி விலைக்கு.

"ஜன்னல்தானே, வெச்சுட்டாப் போறது" என்றார் வழியெல்லாம். வீட்டு வாசல் வந்ததும் நின்றார். "ஆனா சுப்பு, ஒத்தை ஜன்னலுக்காக மேஸ்திரியைக் கூப்பிட்டா கட்டுபடியாகாது. கூப்பிடறதே கூப்பிடறோம், கையோட ஆத்தையும் கொஞ்சம் விஸ்தரிச்சுட்டா ரெண்டு வேலைக்கும் ஒரே சாரம், ஒரே சாந்து."

ஜன்னல் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததே பெரிது என்று சுப்புலக்ஷ்மி உள்ளே போய் அடுப்பை மூட்டினாள்.

மேஸ்திரி அக்பர் பாஷா வந்தார். மூன்று தலைமுறையாக அந்தப் பக்கத்து வீடுகளைக் கட்டியும் இடித்தும் பிழைத்த குடும்பம். அடுக்களைக்குள் அவர் நுழையக் கூடாது என்பதால் வெளியே வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் நின்று சுவரைத் தட்டிப் பார்த்தார்.

"இது இன்னா சாமி, அரை நாள் வேலை" என்றார். முகத்தில் சுரத்தில்லை.

"அது இருக்கட்டும் மேஸ்திரி. முன்பக்கத்துல ஒரு ஹால் எடுக்கறதா யோசனை."

அக்பர் பாஷாவின் முகத்தில் பிறை கண்டதுபோல ஒரு வெளிச்சம் வந்தது. "அப்டி சொல்லுங்க. வூடுன்னா ஹால் வோணும் சாமி. ஜன்னல் எங்க ஓடிப்போவுது?"

ஜன்னல் எங்கும் ஓடிப்போகவில்லை என்பது உண்மைதான். கிட்டவும் வரவில்லை.

அந்தச் சமயம் பார்த்து அடையாற்றங்கரையில் ஒரு தோட்டத்துப் பங்களாவை இடித்தார்கள். குடியிருந்த துரை சீமைக்குக் கப்பலேறிவிட்டான். மரம், கல், கண்ணாடி எல்லாம் ஏலத்தில். ஜன்னல் ஒன்று பார்த்து வருவதாகச் சொல்லிவிட்டு அனந்தராமன் புறப்பட்டார். சாயங்காலம் ஒரு கட்டை வண்டி சந்துக்குள் நுழைய முடியாமல் முனையில் நின்றது. நாலு பேர் தோள் கொடுத்து இறக்கினார்கள். பின்னால் அனந்தராமன், பெண்ணை மணவறைக்கு அழைத்து வருகிறவரைப்போல வந்தார்.

"ஜன்னல் வாங்கப் போனேள்னு நெனச்சேனே" என்றாள் சுப்புலக்ஷ்மி.

"ஜன்னலாவது! இதைப் பாரு. பர்மாத் தேக்கு. துரையும் துரைசாணியும் டான்ஸ் ஆடற ஹாலுக்குப் போட்ட கதவு. மேலே பார், செவப்பும் பச்சையுமா பெல்ஜியம் கண்ணாடி. புதுசாப் பண்ணினா இந்த விலைக்குக் கீலுகூட வராது. அத்தனை கூட்டத்துல என்னைத் தவிர ஒருத்தன் வாயைத் தெறக்கலை, தெரியுமோ?"

"ஏன் தெறக்கலை?"

அந்தக் கேள்விக்கு விடை அவள் கண் முன்னால் சுவரில் சாய்ந்து நின்றது. வீட்டின் முன்கட்டுக் கூரைக்கு மேலே ஒரு முழம் எட்டிப் பார்த்தது கதவு. அதை நுழைக்கக்கூடிய வீடு சென்னைப் பட்டணத்தில் ஒன்றுதான் இருந்தது, அதைத்தான் இடித்துவிட்டார்களே.

"நிலை இன்னும் அங்கேயே கிடக்கு, அதுக்குத் தனியா வண்டி வேணும்" என்றார் அனந்தராமன். பிறகு குரலைத் தாழ்த்தி, ஏலத்தின் உச்சத்தைச் சொல்கிற பாவனையில், "கொசுறா இதையும் கேட்டு வாங்கிண்டேன்" என்று கதவுக்குப் பின்னாலிருந்து ஒன்றை இழுத்தார்.

அது ஒரு ஜன்னல். பங்களாவில் சாமான் அறைக்கு இருந்திருக்கும். சட்டமும் கம்பியுமாகச் சின்னதாய், கெட்டியாய் இருந்தது. சுப்புலக்ஷ்மி அதைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். அடுக்களையின் கிழக்குச் சுவரில் அடுப்புக்கு நேர் மேலே அது உட்கார்ந்திருப்பது அவள் மங்கல் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தது.

"ஏன்னா, இதை நாளைக்கே அடுக்களைக்கு..."

"பதறாதே. முதல்ல ஹால். ஹாலை முடிச்சா உடைஞ்ச செங்கல், மிஞ்சின சாந்து எவ்வளவோ இருக்கும். அதுலயே உன் ஜன்னல் வேலை ஆயிடும். தம்பிடி செலவில்லை!"

ஜன்னல் கிணற்றடிக்குப் போயிற்று. அவள் அதன்மேல் வேட்டியை விரித்து வடாம் காய வைத்தாள்.

மறுநாள் அக்பர் பாஷா கதவைச் சுற்றிச் சுற்றி வந்தார். கூரையைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், அனந்தராமனையும் பார்த்தார்.

"கீழே கொஞ்சம் அறுத்துட்டா சரியாப் போயிடுமோ?" என்று கேட்டார் அனந்தராமன்.

"தோபா தோபா! இத்த அறுக்கறதா? பாவம் சாமி. கதவு இன்னா பண்ணும், அது வளர்த்தி அவ்ளோதான். வூட்டத் தூக்கிடலாம்."

அப்படித்தான் கதவுக்காக வீட்டைத் தூக்கினார்கள். முன்கட்டைத் தரைமட்டமாக்கி அஸ்திவாரத்திலிருந்து எடுத்தார்கள். கதவு உயரமென்றால் சுவர் உயரம். சுவர் உயரமென்றால் கனம். கனமென்றால் அஸ்திவாரம் ஆழம். மலிவுக் கதவு ஒன்று மாதக்கணக்கில் உட்கார்ந்து தின்றது. சித்தாள் தேவானை சாந்துக் கூடையோடு அதைக் கடக்கும்போதெல்லாம் ஒரு கும்பிடு போடுவாள்.

"இன்னாடி, சாமியா அது?" என்பார் மேஸ்திரி.

"எனக்குக் கூலி குடுக்குது, உனக்குக் கூலி குடுக்குது. ஐயர்கிட்ட மட்டும்தான் வாங்கிக்கினு கீது. சாமி இல்லாம இன்னா?"

சுப்புலக்ஷ்மி பின்கட்டில் புகையோடு சுண்ணாம்புத் தூசியையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தாள். ஊசியில் நூல் கோக்க அவளால் முடியாமல் போயிற்று. கோலத்தில் புள்ளிகள் தப்பின. ஒருநாள் மோர் என்று நினைத்து அரிசி களைந்த கழுநீரைத் தாளித்துவிட்டாள். அனந்தராமன் அதைச் சாப்பிட்டுவிட்டு, ரசத்துக்குப் பதில் இதையே வைத்தால் புளி மிச்சம் என்றார்.

நிலை வைக்க ஆவணியில் நாள் பார்த்தார்கள். வீட்டு வாசலுக்கு நிலை நிறுத்துவது சின்ன விஷயம் இல்லை. மஞ்சள் பூசிக் குங்குமம் இட்டு, மாவிலை கட்டி, அடியில் நவதானியமும் பொட்டுத் தங்கமும் போட்டுப் பூஜை செய்து நிறுத்திவிட்டால், பிறகு அந்த நிலையை யாரும் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் குடும்பம் விளங்காது என்பார்கள். நாள் குறிக்க வந்த சாஸ்திரிகளும் அந்த இடத்தில்தான் தயங்கினார்.

"பங்களாவிலேர்ந்து பிடுங்கின நிலைன்னு கேள்விப்பட்டேன். ஒரு இடத்துல வெச்சதைப் பிடுங்கி இன்னொரு இடத்துல..."

"வெள்ளைக்காரன் பூஜை போட்டா வெச்சிருப்பான்?" என்றார் அனந்தராமன். "பூஜை போடாத நிலை சாஸ்திரப்படி மரக்கட்டைதானே? மரக்கட்டைக்கு ஏது தோஷம்?"

சாஸ்திரிகளுக்குத் தக்ஷிணை ஞாபகம் வந்திருக்க வேண்டும். "அதுவும் வாஸ்தவம்தான்" என்றார்.

எல்லாம் தயார். நிலை மட்டும் இன்னும் அடையாற்றில் கிடந்தது. அதை எடுத்துவர அனந்தராமன் சாதாரண வண்டி பிடிக்கவில்லை. அடையாற்றுக்குச் செங்கல் ஏற்றிப்போகிற சின்னப்பையன் என்ற வண்டிக்காரனைப் பிடித்தார். திரும்பும்போது வெறும் வண்டியாகத்தானே வருகிறான். அதில் ஏற்றிவந்தால் கால் பங்கு வாடகை.

"என்னிக்கி வண்டி காலியோ அன்னிக்கித்தான் சாமி வரும்" என்று அவன் அப்போதே சொல்லியிருந்தான்.

முகூர்த்த நாள் காலையில் எல்லோரும் வந்தாயிற்று. அனந்தராமனோடு ஆபீசில் வேலை பார்த்த ஸ்ரீரங்கனும் வந்தார். அவர் மாம்பலத்தில், ஏரியைத் தூர்த்து மனை போட்ட இடத்தில், புதிதாக வீடு கட்டிக்கொண்டவர். மீன் குடியிருந்த இடத்தில் மனுஷன் குடியிருக்கலாமா என்று அனந்தராமன் ஆபீசெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் மறக்கவில்லை.

"எங்கே ஓய், உம்ம டான்ஸ் ஹால் நிலை?" என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

"வந்துண்டே இருக்கு."

சைக்கிளில் போய்ப் பார்த்துவந்த ஒருவர் சொன்ன செய்தி அவ்வளவு நன்றாக இல்லை. சின்னப்பையன் நிலையை ஏற்றிவிட்டான். அடையாற்றுப் பாலத்தில் ஏறியும் விட்டான். பாலத்தின் நடுவில் ஒரு மாடு படுத்துவிட்டது. அதை எழுப்பினால் இன்னொன்று படுக்கிறது.

"கால் பங்கு வாடகைக்கு மாடு பாலம் வரைக்கும் வந்ததே பெரிசு" என்றார் ஸ்ரீரங்கன்.

சாஸ்திரிகள் இடுப்பிலிருந்து கடிகாரத்தை எடுத்தார். "ராகுகாலம் பொறக்கப் போறது. எனக்கு மந்தவெளியில ஒரு ஆயுஷ்ஹோமம் காத்துண்டிருக்கு. இதை விட்டா ஐப்பசியிலதான் நாள்."

"தக்ஷிணை?" என்றார் அனந்தராமன்.

"வந்ததுக்கு வந்ததுதானே. ஐப்பசியில மறுபடியும் சங்கல்பம், மறுபடியும் தக்ஷிணை."

தேங்காய் உடைத்தாயிற்று. பழம், பூ, வெற்றிலை எல்லாம் விரித்துக் கிடந்தன. ஒரே வேலைக்கு இரண்டு தக்ஷிணை என்பதை அனந்தராமனுடைய வம்சத்தில் யாரும் கேட்டதில்லை.

மஞ்சள் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்த சுப்புலக்ஷ்மி அப்போதுதான் வாயைத் திறந்தாள். நாலு பேர் எதிரே அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

"மாமா, முகூர்த்தம் நிலைக்குத்தானே? எந்த நிலைன்னு சாஸ்திரத்துல இருக்கோ?"

சாஸ்திரிகள் விழித்தார். "ஏன் கேக்கறாய் அம்மா?"

"கிணத்தடியில ஒரு நிலை இருக்கு. சட்டம் தேக்குதான். சின்னது. மாடு வேண்டாம், நானே தூக்கிண்டு வந்துடுவேன்."

"அது ஜன்னல்டீ!" என்றார் அனந்தராமன்.

"ஜன்னலுக்கும் நிலை உண்டோன்னோ? இங்க வெச்ச தேங்காயும் தக்ஷிணையும் வீணாப் போறதேன்னு பாக்கறேன். உங்களுக்கு வேண்டாம்னா ஐப்பசியிலயே இன்னொரு தடவை கொடுத்துக்கலாம்."

அவள் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த மாதம் பார்க்கலாம் என்றிருப்பார். வீண் என்ற சொல் அவரை நேராக மார்பில் தாக்கியது.

"மனுஷா வர வாசல் ஒண்ணு, வாயு வர வாசல் ஒண்ணு. ரெண்டும் வாசல்தான்" என்று சாஸ்திரிகள், மந்தவெளியை மனத்தில் வைத்து, அங்கேயே ஒரு சாஸ்திரம் செய்தார்.

"எங்காத்து அடுக்களையில ரெண்டு ஜன்னல்" என்று ஸ்ரீரங்கனும் தம் பங்குக்கு ஊதினார்.

"மேஸ்திரி!" என்று கத்தினார் அனந்தராமன். "இடிங்கோ!"

அக்பர் பாஷா கடப்பாரையோடு சந்துக்கு ஓடினார். வெளியே நின்று இடித்தால் தீட்டு உள்ளே வராது என்று தீர்மானமாயிற்று. அது எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறதென்று யாரும் கேட்கவில்லை. அரை நாள் வேலை என்று அவர் சொன்னது சும்மாவோ என்னவோ, கால் நாழிகையில் சுவர் வாயைப் பிளந்தது. அந்தச் சுவருக்குள் வெளிச்சம் வந்தது அதுதான் முதல் தடவை. தகப்பனார் காலத்துக் கரி உத்தரத்திலிருந்து திரை திரையாகத் தொங்குவதை எல்லோரும் பார்த்தார்கள். தேவானை வெளியிலிருந்து எட்டிப் பார்த்து, "யம்மாடி! இதுக்குள்ளயா இம்மா நாளு சோறாக்கிக்கினு இருந்தீங்க? எங்க குடிசை தேவலாமே!" என்றாள்.

சுப்புலக்ஷ்மி சட்டம் முழுக்க மஞ்சள் பூசினாள். ஒரு விரற்கடை மிச்சம் வைக்காமல் பூசினாள். குங்குமம் இட்டாள். வாசல் நிலைக்கென்று வைத்திருந்த நவதானியமும் பொட்டுத் தங்கமும் அடுக்களைச் சுவருக்குள் போயின. சாஸ்திரிகள் மந்திரத்தை ஓட்டமாக ஓட்டினார். ராகுகாலம் பிறந்தபோது ஜன்னல் நிலைத்துவிட்டது.

டான்ஸ் ஹால் நிலை பிற்பகலில் வந்து சேர்ந்தது. ஐப்பசிக்கு இன்னொரு தக்ஷிணை கொடுக்க அனந்தராமனுக்கு மனம் வரவில்லை. பூஜையில்லாமலே அதை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

அன்றுமுதல் புகை ஜன்னல் வழியாகப் போயிற்று. அவளுக்குப் போன பார்வை திரும்பவில்லை, இருந்தது போகாமல் நின்றது. ஜன்னல் வெளிச்சத்தில் பருப்பு பருப்பாகவும் கல் கல்லாகவும் தெரிந்தன. அது போதும் அவளுக்கு. வெள்ளிக்கிழமை தோறும் அந்தச் சட்டத்துக்கு மஞ்சள் பூசிவந்தாள்.

கதவின் கதை வேறு. இரண்டு ஆள் சேர்ந்து தள்ளினால்தான் அது திறந்தது. ஐப்பசி மழையில் ஊறி, ஒரு பக்கம் நிலையோடு நிலையாக ஒட்டிக்கொண்டது. வீட்டார் பக்கத்துச் சந்து வழியாகப் போய் வரப் பழகினார்கள். பச்சைக் கண்ணாடி வெளிச்சத்தில் ஹாலில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் காமாலை கண்டவர்கள்போல இருந்தார்கள். அனந்தராமன் மட்டும் வருகிறவர்களைச் சந்து வழியாக உள்ளே அழைத்துவந்து, ஹாலில் நிறுத்தி, கதவைக் காட்டுவார். "வாங்கின விலையைச் சொன்னா நம்ப மாட்டேள்" என்பார். கையோடு அடுக்களைப் பக்கம் கையைக் காட்டி, "அந்த ஜன்னல் முழுக்கக் கொசுறு. நான்தான் யோசனை பண்ணி வெச்சேன்" என்றும் சொல்வார். சுப்புலக்ஷ்மி உள்ளே காபி கலந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாளும் மறுத்ததில்லை.

கொஞ்ச வருஷம் கழித்து ஒரு மார்கழியில் மூன்று நாள் ஜுரத்தில் அவர் போய்விட்டார். சந்து வழியாகப் பாடை திரும்பாது என்றார்கள். அந்தக் கதவை எட்டுப் பேர் சேர்ந்து நெம்பி, இரண்டு பக்கமும் விரியத் திறந்தார்கள். தூக்கினவர்கள் நாலு பேரும் தோளோடு தோள் ஒட்டாமல், தலையைக் குனியாமல், தாராளமாகப் போனார்கள். கொடுத்த விலைக்கு அந்தக் கதவு உழைத்தது அன்று ஒருநாள்தான்.

வருஷாப்திகம் கழிந்ததும் அக்பர் பாஷா வந்தார். தாடி முழுக்க நரைத்திருந்தது. இப்போது பழைய மரம் வாங்கி விற்கிற கடையும் வைத்திருந்தார்.

"ராயபுரத்துல ஒரு சேட் இந்த மாதிரி கதவு கேட்டுக்கினு கீறாரும்மா. ஆனா நிலையாச்சே, பிடுங்கச் சொல்லி உங்களக் கேக்கறதுக்கு வாய் வரல."

"தாராளமாப் பிடுங்கிண்டு போங்கோ" என்றாள் சுப்புலக்ஷ்மி. "அதுக்குத்தான் பூஜையே போடலையே."

விலை பேசி முடிந்தது. அக்பர் பாஷா போகாமல் சந்துப் பக்கம் பார்த்துக்கொண்டு தலையைச் சொறிந்தார்.

"இவ்ளோ பெரிய கதவ வாங்கறேன். அந்தச் சின்ன ஜன்னலக் கொசுறா குடுத்துட்டீங்கன்னா, எம் பொண்ணு வூட்டு சமையல்கட்டுக்கு ஆவும். ஒரே பொகைம்மா அங்க. எப்பப் பார்த்தாலும் கண்ணக் கசக்கிக்கினு கீது புள்ள."

சுப்புலக்ஷ்மி ஜன்னலைப் பார்த்தாள். அவள் இனிமேல் பூசக் கூடாத மஞ்சள், சட்டத்தில் ஊறிக் கெட்டிப்பட்டிருந்தது. அடுப்பில் சாதம் கொதித்துக்கொண்டிருந்தது. புகை தன் பாட்டுக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது.

"இது பூஜை போட்ட நிலை மேஸ்திரி. இதை எடுக்கப்படாது. கதவு விலையிலேர்ந்து ஒரு ஜன்னலுக்கு ஆறதைக் கழிச்சுண்டு, பொண்ணுக்கு இன்னிக்கே புதுசா வாங்கி வைங்கோ. கொசுறுக்குக் காத்துண்டிருந்தா கண் போயிடும்."

அக்பர் பாஷா மகளுக்கு ஜன்னல் வைத்துக் கொடுத்தாரா என்பது தெரியாது. விலையில் கழித்துக்கொண்டார்.